கணவாயில் இறங்காதவள்

பின்சீட்டின் இடப்பக்க ஜன்னலில், உட்புறமாக, உள்ளங்கை அகலத்துக்குப் பனி படிந்திருந்தது.

பெலகேயா அதைத் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய ஜீப் அது, ஸ்டியரிங் வலப்பக்கம். அவளுக்கு நேர் பின்னால் ஆறு வயது மகள் குன்னேய் மான்தோல் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் பக்கத்து ஜன்னலில் பனி பிடித்திருந்தது, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இடப்பக்கம் யாருமே இல்லை. அந்த இருக்கையில் ஒரு பைகூட இல்லை.

வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐம்பத்து நான்கு. சைபீரியாவின் கோலிமா சாலையில் டிசம்பர் மாதம் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஜன்னல் கண்ணாடி பொய் சொல்லாது. மூச்சு எங்கே விடப்படுகிறதோ அங்கேதான் பனி பிடிக்கும். நின்றிருக்கும் வண்டியை வெளியிலிருந்து பார்த்தே உள்ளே எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். அக்டோபரிலேயே புருஷன் நிகிபோர் ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டாவது கண்ணாடி வெட்டி, சந்து விடாமல் ஒட்டியிருந்தான். ஒட்டிவிட்டால் வசந்தம் வரும்வரை ஜன்னலை இறக்க முடியாது. தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருக்கும் அவனை, ஒட்டின லட்சணத்தைப் பார் என்று மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். எங்கேயோ பசை விட்டிருக்கும், காற்று புகுந்திருக்கும். அப்படி நினைத்துக்கொண்டதில் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது.

முற்பகல் பதினொன்றரை. சூரியன் மலைக்குப் பின்னால் எங்கேயோ எழுந்து, எழுந்தது போதும் என்று நின்றுவிட்டிருந்தது. பள்ளத்தாக்கு முழுக்கப் பால் திரிந்தது போல மூடுபனி, அதற்குள் இருபது அடிச் சாலை, சாலையோரத்தில் வெள்ளையாக நிற்கும் லார்ச் மரங்கள். இரவெல்லாம் நின்றதில் ஒரு பக்கம் தட்டையாக உறைந்துபோன டயர்கள் காலையில் அரை மணி நேரம் தடக் தடக் என்று அடித்து, பிறகு வட்டமாகி அடங்கியிருந்தன. இப்போது கேட்பதெல்லாம் என்ஜினின் உறுமலும் ஹீட்டர் விசிறியின் இரைச்சலும்தான். சூடேறிய தூசியின் வாசனை, என்ஜின் மேல் போர்த்திய கம்பளியின் கருகல் வாசனை, குழந்தையின் காய்ச்சல் மூச்சு.

காய்ச்சல்தான் அவளைக் கிளப்பியது. குன்னேயின் இடக்காதுக்குப் பின்னால் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. ஊரிலிருந்த நர்ஸ் தொட்டுப் பார்த்து, முகம் மாறி, இன்று மாலைக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைக்காவிட்டால் சீழ் உள்ளே உடைந்து மூளைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு மாட்ரியோனா, நாளைக்கு இரண்டு வண்டி சேர்ந்து போகிறது, ஒற்றை வண்டியில் இந்தக் குளிரில் போகிறவளுக்குப் பைத்தியம் என்று பெயர் என்றாள். நாளை வரைக்கும் என் பிள்ளை இருப்பாளா என்று பெலகேயா திருப்பிக் கேட்டாள்.

மாலைக்குள் ஆஸ்பத்திரி. அதுவரை வண்டிக்குள் சூடு. இரண்டே விஷயம். அதைத்தான் அவள் ஐந்து மணி நேரமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சூடு குறைந்துகொண்டிருந்தது.

முதலில் அவளுடைய முழங்காலுக்குத் தெரிந்தது. ஹீட்டர் வாயில் கையை வைத்தாள். வெதுவெதுப்பு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கையைச் சுட்டது. என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சரியாக நடுவில் நின்றது, ஒரு மயிரிழை இறங்கவில்லை. என்ஜின் சூடாக இருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது, அப்புறம் சூடு எங்கே போகிறது? கியரைக் குறைத்து என்ஜினைக் கொஞ்சம் கதறவிட்டாள். பலன் இல்லை.

பின்னால் டக் என்று ஒரு சத்தம்.

பின்சீட்டுக்கென்று தனி ஹீட்டர் ஒன்று உண்டு, முன்சீட்டுக்கு அடியில். அதன் விசிறிக்கு மூன்று வேகம். திருகு, பின்னால் உட்காருகிறவர்களின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. அவள் ஒன்றில் வைத்திருந்தாள். இப்போது அது இரண்டில் இரைந்தது.

"அம்மா," என்றாள் குன்னேய், கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லேன்."

"யாரடி கண்ணு?"

தூக்கம். காய்ச்சல் பேச்சு, வேறென்ன. சின்னக் கண்ணாடியில் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பெலகேயா பார்த்தாள். உள்ளங்கை அளவு இருந்த பனி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருந்தது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய ஆளின் வாய் இருக்கும் உயரத்தில்.

அப்போதுதான் அவளுக்குக் கணவாய் நினைவுக்கு வந்தது.

கணவாயின் உச்சியில் ஒரு பழைய மரம் இருக்கிறது. கிளையெல்லாம் துணியும் குதிரை மயிரும் கட்டியிருக்கும். அந்த இடத்தைத் தாண்டுகிற எவரும், குடிகாரனோ மேலதிகாரியோ, இறங்காமல் போவதில்லை. மரத்தடியில் ஒரு துண்டு அப்பமாவது வைத்து, வழியைக் காக்கிற ஆவிக்கு ஊட்டிவிட்டுத்தான் போவார்கள். பெலகேயாவும் அப்பம் சுட்டுத்தான் எடுத்து வந்திருந்தாள். மரத்தடியில் நிறுத்தவும் செய்தாள். கதவின் கைப்பிடியில் கை வைத்தவள் பின்னால் திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். ஜன்னல் இறங்காது. கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற சூடு முழுக்க ஒரே மூச்சில் போய்விடும். திரும்பச் சேர அரை மணி ஆகும். அவள் கையை எடுத்துவிட்டாள். அப்பத்தில் ஒரு துண்டு பிய்த்து, உள்ளேயே, ஹீட்டர் வாய்க்கு மேலே டாஷ்போர்டில் வைத்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். இந்தா, சாப்பிடு, கதகதப்பாக இரு, எங்களுக்கு வழி விடு.

உள்ளே வைத்துவிட்டுச் சொன்னாள். வாசலுக்கு வெளியே போட வேண்டிய சோற்றை நடு வீட்டில் இலை போட்டுப் பரிமாறியதற்கு என்ன அர்த்தம்?

டாஷ்போர்டைப் பார்த்தாள். எண்ணெய் பட்ட வட்டம் மட்டும் இருந்தது. அப்பம் இல்லை.

கீழே விழுந்திருக்கும் என்று சத்தமாகச் சொன்னாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பயப்பட இப்போது நேரமில்லை, பயப்படுகிறவள் தப்பு செய்வாள், தப்பு செய்தால் பிள்ளை போய்விடும். இங்கே எல்லா ஓட்டுநர்களும் செய்வதைச் செய்தாள். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டபடியே, பின்னால் திரும்பிக் கையை நீட்டிக் குழந்தையைப் போர்வையோடு இழுத்து முன்னால் இடப்பக்க இருக்கையில் கிடத்தினாள். ஒரு கம்பளியை மேலே இருந்த கொக்கிகளில் மாட்டி, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே திரையாகத் தொங்கவிட்டாள். பாதி வண்டியைச் சூடாக்கினால் போதும். காலியான பாதி எப்படியோ போகட்டும்.

காலியான பாதி.

பத்து நிமிடம் நன்றாக இருந்தது. விரல்கள் மறுபடி விரல்களாயின. குன்னேய் இரண்டு வாய் தேநீர் குடித்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவார்களா என்று கேட்டாள், போட்டால் அழமாட்டேன், ஆனால் சத்தம் போடுவேன் என்றாள். பெலகேயாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

டக்.

மூன்று.

திரைக்குப் பின்னால் விசிறி முழு வேகத்தில் அலறியது. முன்னால் வந்த காற்று குளிர்ந்தது. கம்பளி மெல்ல விறைத்தது. நூல் நூலாக வெள்ளை ஏறியது, கீழிருந்து மேலாக. அதில் குழந்தையின் இருக்கைக்குப் பின்னால் இரண்டு மேடுகள் புடைத்திருந்தன. பக்கத்துப் பக்கத்தில். முட்டிகள். நெருங்கி உட்கார்ந்து முன்னிருக்கையில் முட்டி இடிக்கிறவர்களின் முட்டிகள்.

அவள் கத்தவில்லை. கத்தினால் குழந்தை பயப்படும். ஒரே ஒரு எண்ணம்தான் தெளிவாக இருந்தது. இரண்டு ஹீட்டருக்கும் போவது ஒரே வெந்நீர். பின்னால் போகிற குழாயை மூடினால் எல்லாம் முன்னால் வரும். திருகு பானெட்டுக்கு உள்ளே இருக்கிறது.

முகத்தைச் சால்வையால் சுற்றி, கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, வெளியே பாய்ந்து, அறைந்து சாத்தினாள். குளிர் மூக்குக்குள் கம்பியாக இறங்கியது. பானெட்டைத் தூக்கினாள், கம்பளியை விலக்கினாள், கனத்த கையுறையோடே திருகைத் தேடினாள். அசையாத மூடுபனி. அவள் மூச்சு வெளியே வந்ததும் உறைந்து, காதருகே சரசர என்று உதிர்ந்தது. அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து கேட்பதுதான். ஒரு மூச்சு, ஒரு சரசரப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு திருகை அழுத்தித் திருப்பினாள்.

மூச்சை அடக்கியிருந்தாள். சரசரப்பு கேட்டது.

வலப்பக்கத்திலிருந்து. மிக அருகிலிருந்து.

திருகு திரும்பியது. பானெட் கீழே விழுந்தது. ஓடினாள். ஓடும்போது முன்கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். குன்னேய் இருக்கையில் மண்டியிட்டு, பின்பக்கம் திரும்பி, திரையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் முகத்தை நீட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியிடம் பேசுவது மாதிரி.

உள்ளே ஏறிக் குழந்தையை இழுத்து மடியில் வைத்தாள். ஹீட்டர் இப்போது சுட்டது. நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு கை கழுத்துக்குப் போனது. மார்புக்குப் போனது. எல்லாம் சில்லென்று இருந்தது. உதடு நீலம்.

"அவங்க ரொம்ப நாளா குளிர்ல நிக்கிறாங்களாம்மா," என்றாள் குன்னேய். வார்த்தைகள் குழறின. "என்கிட்டதான் நிறைய சூடு இருக்குல்ல. கொஞ்சம் எடுத்துக்கோங்கன்னு சொன்னேன்."

"எவ்ளோ குடுத்தே?"

"தெரியல. இன்னும் எடுத்துட்டே இருக்காங்க."

பெலகேயா குழந்தையைத் தன் கோட்டுக்குள் திணித்து, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்தாள். பனிக்கட்டியை அணைத்தது போல இருந்தது. குழந்தையின் இமைகள் கவிழ்ந்தன. திரை விறைப்பாக நின்றது. அந்த முட்டிகள் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தன. பயம் அவளுக்குள் அதன் எல்லையைத் தொட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல், வேறு ஏதோவாக மாறியது. அவள் திரையைப் பார்த்துப் பேசினாள்.

"பிள்ளைய விட்டுடு. உன்னை உள்ள கூப்பிட்டது நான்தான். எவ்ளோ வேணுமோ என்கிட்ட எடுத்துக்கோ."

விசிறி நின்றது.

அவ்வளவு அமைதி. பிறகு திரையின் ஓரம் கொஞ்சம் விலகி, எதுவோ அவள் பிடரியில் பட்டது. விரல்களாக இருக்கலாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்தாள். உதட்டின் நீலம் கரைந்தது. கன்னம் சிவந்தது. நெற்றி சூடேறியது, மறுபடி அதே காய்ச்சல், அதே கொதிப்பு. காய்ச்சலைப் பார்த்து எந்தத் தாயாவது கும்பிட்டிருப்பாளா? அவள் கும்பிட்டாள். குழந்தையைப் போர்வையில் சுற்றிப் பக்கத்தில் உட்காரவைத்து, கியரைப் போட்டாள்.

எவ்வளவு தூரம் ஓட்டினாள் என்று தெரியவில்லை. உடம்பு கதகதப்பாக இருந்தது. ஆச்சரியமாக இருந்தது. பிறகு புழுக்கமாக இருந்தது. கையுறையைக் கழற்றினாள். தொப்பியைக் கழற்றினாள். கோட்டு வேகவைத்தது. அதையும் உருவி, இன்னும் குளிருதுன்னா போட்டுக்கோ என்று திரைக்குப் பின்னால் நீட்டினாள். ஒவ்வொன்றையும் அவள் கையிலிருந்து யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். பறிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த தன் விரல்கள் மெழுகு நிறத்தில் இருப்பதைப் பார்த்தாள். அது யாருடைய விரலோ என்று தோன்றியது. குன்னேய் அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அழுகிறாள்? இவ்வளவு கதகதப்பாக இருக்கும்போது.

வண்டி நின்றிருந்தது. எப்போது நின்றது?

மூடுபனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள். லாரி. பெலகேயாவுக்குத் தெரியும், நிற்கும். நின்றிருக்கும் வண்டியைத் தாண்டி இந்தச் சாலையில் எவனும் போகமாட்டான். நின்றது. ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு நிலக்கரி ஏற்றிப்போகும் பெரிய லாரி, அவள் வண்டிக்குப் பக்கத்தில். தாடியெல்லாம் வெள்ளையாக உறைந்த ஒருவர் இறங்கி ஓடி வந்தார். குழந்தை பக்கத்துக் கதவைத் திறந்தார்.

பிழைத்தோம். அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை.

"என்ன தங்கச்சி, இந்தக் குளிர்ல ஒத்தை வண்டியிலயா கிளம்பின? வீட்டுக்காரர் கூட சண்டையா?" என்றார் லாரிக்காரர், குழந்தையைத் தூக்கிக்கொண்டே. "ஐயோ, புள்ளைக்கு உடம்பு நெருப்பா கொதிக்குதே."

காதுக்குப் பின்னால் வீக்கம், இன்று மாலைக்குள் ஆஸ்பத்திரி போகணும் அண்ணா என்று சொல்ல பெலகேயா வாயைத் திறந்தாள்.

"காதுக்குப் பின்னால வீங்கியிருக்கு அண்ணா. சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரி போகணும்," என்றது அவள் குரல். திரைக்குப் பின்னாலிருந்து.

லாரிக்காரர் குரல் வந்த பக்கம் பார்த்துத் தலையாட்டினார். சீக்கிரம் இறங்கு, என் வண்டியில் நல்ல சூடு இருக்கிறது, நாலு மணிக்கெல்லாம் சேர்த்துவிடுகிறேன் என்றார். பின்பக்க இடது கதவு திறந்தது. ஒருத்தி இறங்கினாள். பெலகேயாவின் கோட்டு. பெலகேயாவின் தொப்பி. கையுறைகளை மாட்டிக்கொண்டே, அவசரத்தில் இருக்கிற ஒரு தாய் எப்படி இறங்குவாளோ அப்படி.

அண்ணா. அண்ணா, நான் இங்கே.

குரல் எழவில்லை. கை எழவில்லை. ஓர் அடி தள்ளி நின்ற அவர் கண் அவள் மேல் பட்டு, காலி இருக்கையைக் கடப்பது போலக் கடந்து போனது. வண்டி எங்கே ஓடிப்போகிறது, நாளைக்கு ஆள் கூட்டி வந்து இழுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபடி அவர் உள்ளே குனிந்து, அவள் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி, சாவியைத் திருப்பினார். அணைத்தால் இந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது என்று ஆறு வாரமாக இரவும் பகலும் ஓடவிட்டிருந்த என்ஜின் நின்றது.

"அம்மா," என்று குன்னேய் வீறிட்டாள். அவர் தோளுக்கு மேலாக ஓட்டுநர் இருக்கையை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. "அம்மா அங்க இருக்காங்க. அம்மா."

"அம்மா இதோ நிக்கிறாங்களே கண்ணு," என்றார் லாரிக்காரர். குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார்.

கதவுகள் சாத்தப்பட்டன. லாரியின் உயரமான கேபினுக்குள் விளக்கு எரிந்தது. சூடான, மஞ்சளான, நெருக்கமான வெளிச்சம். பெலகேயாவால் கண்ணை மட்டும் நகர்த்த முடிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். கோட்டுக்குள் குழந்தையை அணைத்துக்கொள்வதை. போர்வையை இழுத்துவிடுவதை. திமிறுகிற சின்னத் தலையை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடிப்பதை. லாரி உறுமி நகர்ந்தது. குனிந்து, குன்னேயின் கொதிக்கிற நெற்றியில், அது உதட்டை வைத்தது.

வைத்த உதட்டை எடுக்கவே இல்லை.